தாராசுரம் கோயிலுக்கு அருகில் பழைய வீடு: சோலார் பொருத்த அனுமதி வேண்டுமா, தளம் தாங்குமா?

கேள்வி: தாராசுரம் வாசி

அனைவருக்கும் வணக்கம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில், எங்கள் தாத்தா காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். தெருப்பக்கத்துத் திண்ணையும் ரேழியும் நாட்டு ஓட்டுக் கூரையின் கீழ் உள்ளன. அதையடுத்து முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், அதற்குப் பின்னால் தேக்குக் கட்டைகள் தாங்கும் மட்டத்தளத்தோடு கூடமும், கடைசியாக 1980களில் கான்கிரீட் போட்டுக் கட்டிய சமையலறையும் குளியலறையும் இருக்கின்றன. அதற்கப்பால் கொல்லை, கொல்லையில் சில தென்னை மரங்கள் நிற்கின்றன.

அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதிலிருந்து அவருடைய அறையில் இரவு முழுவதும் ஏசி ஓட வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டியவுடன் கீழ்ப்படியில் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் போய்விடுவதால், மத்திய அரசின் மானியத்தோடு 3 கிலோவாட் அளவில் சோலார் பொருத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

வந்து பார்த்த நிறுவனத்தார், கூடத்து மட்டத்தளத்தின் மேல் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி அதன்மேல் சோலார் தகடுகளைப் பொருத்தலாம் என்றும், கீழே துணி உலர்த்த இடம் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். என் தம்பியோ, தளத்தையே தொட வேண்டாம், முற்றத்தின் மேல் சட்டம் போட்டுத் தகடுகளால் மூடிவிட்டால் மழைச்சாரலும் குரங்குத் தொல்லையும் சேர்ந்தே தீரும் என்கிறான். அம்மாவுக்கு இரண்டிலும் மனமில்லை. தெருமுனையிலிருந்து பார்த்தால் ஓட்டு வரிசை மட்டும் தெரிகிற இந்தத் தெருவில் நம் வீட்டு இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவருடைய கவலை. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

கோயிலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் தொல்லியல் துறையின் அனுமதி தேவையா என்பதையும், இப்படிப்பட்ட பழைய தளம் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதையும், தெருவுக்குத் தெரியாமல் பொருத்தினால் மின்சாரம் குறைந்துவிடுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். நிறுவனத்தார் முன்பணம் கேட்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை.


பதில்: அரசலாற்றங்கரை

வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் தொழில். எனவே உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

ஐராவதேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலோடு, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் இதுவும் சேர்க்கப்பட்டன. ஆனால் உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்துவது யுனெஸ்கோ அன்று. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமுமே. அதன்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்தத் தொலைவைக் கோபுரத்திலிருந்தோ சன்னதியிலிருந்தோ அளக்கக் கூடாது. தொல்லியல் துறை பாதுகாத்துவரும் நிலத்தின் கடைசி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். தெரு வளைந்து வளைந்து போவதால் நடந்தால் 300 மீட்டருக்கு மேல் இருக்கிற வீடு, நேர்கோட்டில் 200 மீட்டருக்குள் வந்துவிடுவது இந்த ஊரில் சாதாரணம். ஆகவே உங்கள் தெரு எந்த வளையத்தில் விழுகிறது என்பதை நில அளவை வரைபடத்தை வைத்து முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் 16.6.1992க்கு முன்பே இருந்த கட்டடங்களின் உரிமையாளர்கள், பழுதுபார்ப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அடுத்த 200 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கும் அனுமதி உண்டு, ஆனால் கேட்டுப் பெற வேண்டும். கட்டுமானம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், இருக்கிற கட்டடத்தின் மேல் உயரவாக்கில் சேர்ப்பதும் பக்கவாட்டில் நீட்டுவதும் அடங்கும். அனுமதி தரும்போது தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறை எல்லாவற்றையும் சேர்த்தே மொத்த உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஆளுயரச் சட்டம் எழுப்புவது உயரத்தைக் கூட்டும் வேலையாகவே தோன்றும். இருக்கிற தளத்தை ஒட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேல் எழாமல் படுக்கவைத்தாற்போல் பொருத்தினால் கட்டடத்தின் உயரம் மாறுவதில்லை. அதற்கு விளக்கம் சொல்வதும் எளிது. எப்படியானாலும் 300 மீட்டர் வட்டத்துக்குள் வீடு இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் விண்ணப்பித்து எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். அனுமதியில்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வழக்கு வீட்டுக்காரரான உங்கள் மேல் வரும்.

விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இணையதளம் வழியாக அனுப்பலாம். தகுதிவாய்ந்த அதிகாரி 15 நாட்களுக்குள் அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். வீடு 1992க்கு முற்பட்டது என்பதைக் காட்டப் பழைய வீட்டுவரி ரசீதுகள், பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். தெருவிலிருந்து எடுத்த புகைப்படத்தையும், தகடு எங்கே வரும் என்று குறித்த பக்கவாட்டு வரைபடத்தையும் இணைத்தால், பார்க்கிற அதிகாரிக்குக் கேள்வி எழும் முன்பே பதில் கிடைத்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: இந்த 100, 200 மீட்டர் கணக்கு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டுமே உரியது. அறநிலையத் துறை நிர்வகிக்கும் எல்லாக் கோயில்களையும் இது சூழ்ந்துகொள்ளாது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.


பதில்: சுண்ணாம்புக்காரை

தஞ்சாவூரில் பொதுப்பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. உங்கள் கூடத்துத் தளத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வது மெட்ராஸ் டெரஸ் என்று எங்களால் அழைக்கப்படும் தளம். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு நிற்கும்படி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். இதில் கம்பி என்பதே கிடையாது. கான்கிரீட் தளத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட் முடுக்கினால் அது கடித்துக்கொள்ளும். செங்கல் ஜல்லியில் அதற்குக் கடிப்பு இல்லை. முடுக்கும்போதே சுற்றியுள்ள சுண்ணாம்பு நொறுங்கி, அந்தத் துளை வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கும். இறங்கிய நீர் கூடத்தில் சொட்டினால்கூட நமக்குத் தெரிந்துவிடும். சொட்டாமல் கட்டையின் வழியே ஓடிச் சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனியில் தங்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் அந்த நுனி உளுத்துப்போகும். இந்தத் தளங்கள் இடிந்து விழுவது பெரும்பாலும் நடுவில் அன்று, சுவரோரத்தில்தான்.

துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைத்து அதில் சட்டத்தை நிறுத்தலாமே என்று நிறுவனத்தார் அடுத்ததாகச் சொல்வார்கள். சட்டம் உயர உயரக் காற்று அதைத் தூக்கும் விசையும் கூடும். அதை அமுக்கிப் பிடிக்க வேண்டிய பாரமும் கூடும். அந்தப் பாரம் முழுவதும் நூறாண்டு கண்ட தேக்குக் கட்டையின் தலையில் இறங்கும். இப்போது விற்கும் 540 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. ஆறு தகடுகள் சேர்ந்தால் 170 கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். பரவலாக அமர்ந்தால் அது பெரிய பாரம் இல்லை. நான்கு கால்களில் குவிந்து இறங்குவதும், அதோடு சேரும் பாரக்கட்டைகளும், புயலில் அது அசைகிற அசைவுமே பயப்பட வேண்டியவை.

கூடத்தின் மேல்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கும் முறை உண்டு. சுவர்களின் தலைப்பில் இரும்புத் தகட்டுப் பீடம் வைத்து, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்பு உத்தரங்களைத் தளத்தைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டுப் போட்டால், பாரம் முழுவதும் சுவர் வழியாக அஸ்திவாரத்துக்குப் போய்விடும். நாளைக்கே வேண்டாம் என்று கழற்றினாலும் தளத்தில் ஒரு வடுவும் இருக்காது. ஆனால் உங்களுக்குக் கொல்லைப்பக்கத்தில் கான்கிரீட் தளம் இருக்கும்போது கூடத்தை ஏன் தொட வேண்டும்? 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி வேண்டும் என்று சொல்வது, வரிசைகளுக்கு நடுவே நிழல் விழாமல் இடம் விட்டுச் சாய்த்து வைப்பதற்கான கணக்கு. தளத்தோடு ஒட்டிப் படுக்கவைத்தால் ஆறு தகடுகள் 170 சதுர அடிக்குள் அடங்கிவிடும். கழுவுவதற்கு நடைபாதை மட்டும் கூடுதலாக விட்டால் போதும். அந்தக் கான்கிரீட்டும் 40 ஆண்டு ஆனது என்பதால், அடிப்பக்கத்தில் பூச்சு உப்பியிருக்கிறதா, கம்பியின் துரு கோடாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். சமையலறைப் புகையும் ஈரமும் பட்ட தளங்களில் இது அடிக்கடி வரும்.

நாட்டு ஓட்டின் மேல் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். சீமை ஓடாக இருந்தால் கொக்கிகளை ஓட்டுக்கு அடியில் செலுத்திச் சட்டத்தில் பிடிக்கலாம். நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கிக் கிடப்பது. அதில் ஆள் ஏறினாலே உடையும். தகட்டைக் கழுவவும் ஓட்டை மாற்றவும் அடிக்கடி ஏறியாக வேண்டும்.

முற்றத்தைப் பற்றி உங்கள் தம்பியிடம் பொறுமையாகப் பேசுங்கள். அந்த வீட்டின் சூடு வெளியேறும் வழி முற்றம். நான்கு பக்கத் தாழ்வாரத்துக் கூரையும் அதை நோக்கிச் சரிவதால், மழைநீர் முழுவதும் அங்கே விழுந்துதான் வெளியே போகிறது. அதை மூடினால் கூடமும் அறைகளும் பகலிலும் விளக்குப் போடும்படி இருண்டு, சூடு உள்ளேயே தங்கி, உங்கள் அப்பாவின் அறைக்கு ஏசி இன்னும் அதிகமாக ஓடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்கிற ஏற்பாடு அதைக் கூட்டிவிடக் கூடாது. குரங்குக்கு முற்றத்தின் மேல் கம்பி வலை போதும்.


பதில்: மேலவீதி

மேலே எழுதிய இருவரின் அக்கறையையும் மதிக்கிறேன். ஆனாலும் இந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கும்பகோணத்திலும் அதைச் சுற்றிலும் எத்தனையோ திண்ணை வீடுகள் இடிக்கப்பட்டு, அதே மனையில் வாசல்வரை கான்கிரீட் பெட்டிகள் எழுந்துவிட்டன. அவற்றை இடித்தவர்கள் பழமையை வெறுத்தவர்கள் அல்லர். ஓடு மாற்ற ஆள் கிடைக்காமலும், தேக்குக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் கூலி கட்டாமலும், மாதாமாதம் ஏறும் செலவைத் தாங்காமலும் கைவிட்டவர்கள். பழைய வீட்டில் இன்னமும் விடாப்பிடியாக வாழ்கிற ஒரு குடும்பம் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள வழி தேடும்போது, அதன்முன் மூன்று மாதக் காத்திருப்பையும் சிறைத்தண்டனைப் பிரிவையும் வைப்பது எந்த வகையில் பாரம்பரியத்தைக் காப்பாற்றும்? தகட்டைக் கழற்றிவிடலாம், இடித்த வீட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதோடு, மின் வழங்கலுக்கான பணிகளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருப்பதாகப் படித்திருக்கிறேன். சோலாரும் மின்சாரம்தானே? அப்படியிருக்க அனுமதி எதற்கு?


பதில்: அரசலாற்றங்கரை

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. வரைபடம் போட வருகிறவர்களில் பலர், இடிப்பதற்கே வருகிறார்கள். ஆனால் நீங்கள் குறிப்பிடும் விலக்கு, பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கவும் பகிரவும் நடக்கிற பணிகளுக்கு உரியது. தெருவில் கம்பம் நடுவதும் மின்மாற்றி வைப்பதும் அதில் வரும். ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டுக்காகக் கூரையில் பொருத்துவதை அதில் சேர்த்து வாதாடலாம் என்று நம்பி வேலையைத் தொடங்குவது ஆபத்தானது.

கழற்றிவிடக் கூடியது என்று நீங்கள் சொன்னது மிகவும் வலுவான வாதம். தாராசுரம் வாசி, விண்ணப்பத்திலேயே அதை எழுதுங்கள்: சுவரிலும் பழைய தளத்திலும் துளையிடவில்லை, எந்த நேரத்திலும் அடையாளமின்றி அகற்றலாம், தெருவிலிருந்தும் கோயில் வளாகத்திலிருந்தும் தெரியாது, கட்டடத்தின் உயரம் கூடவில்லை. இந்த நான்கும் உண்மையாக இருக்கும்படி வேலையை அமைத்துக்கொண்டால், மறுப்பதற்குக் காரணம் காட்டுவது அதிகாரிக்கே கடினமாகிவிடும்.


பதில்: நாகைக் கடலோரம்

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் எழுதாததால் நான் எழுதுகிறேன். சோலார் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் நிறைய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தகட்டைத் தெற்குப் பார்த்து நன்றாகச் சாய்த்தால்தான் மின்சாரம் வரும் என்ற எண்ணம் வடக்கே பொருந்தும். நம் டெல்டாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தாராசுரம் ஏறக்குறைய 11 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, அதன்பின் வடக்கே போய், ஆவணித் தொடக்கத்தில்தான் திரும்பத் தெற்கே வருகிறது. அதாவது ஆண்டில் நான்கு மாதம் நண்பகலில் சூரியன் நமக்கு வடபக்கம் நிற்கிறது. அதனால் 10, 11 பாகை சாய்வுக்குப் பதில் 5 பாகை மட்டும் சாய்த்தால் ஆண்டு மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே அதிகம். வீடு கிழக்கு மேற்காக அமைந்திருந்து தகட்டை அந்தத் திசைகளில் தாழ்வாகச் சாய்க்க நேர்ந்தாலும் இழப்பு சிறியதே. சாய்வே இல்லாமல் மட்டமாக மட்டும் வைக்காதீர்கள். மழைநீர் வழிந்தோடாமல் கீழ்விளிம்பில் தேங்கி, தூசியும் பறவை எச்சமும் அங்கேயே காய்ந்து படிந்துவிடும்.

மின்சாரத்தை உண்மையாகக் குறைப்பது நிழல். கோயில் விமானத்தின் நிழல் வந்து விழுமோ என்று பயப்பட வேண்டாம்; அதன் உயரம் 24 மீட்டர் அளவுதான், நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டின் மேல் பகல் பொழுதில் அது விழாது. கொல்லைத் தென்னையைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மட்டையின் நிழல் ஒரு தகட்டின் குறுக்கே விழுந்தால்கூட, தொடராக இணைத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியையும் அது இழுத்துவிடும். காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை தளத்தில் எங்கெங்கே நிழல் நகர்கிறது என்று ஒரு நாள் சுண்ணக்கட்டியால் குறித்துப் பாருங்கள். நிழலைத் தவிர்க்கவே முடியாவிட்டால், ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக, தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவியான மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கலாம்; செலவு கூடும், ஆனால் ஒரு தகட்டின் நிழல் அடுத்ததைத் தொடாது. தேங்காயும் காய்ந்த மட்டையும் கண்ணாடி மேல் விழும் தூரத்தில் எதையும் வைக்காதீர்கள்.

தாழ்வாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியபோது உயரத்தில் நின்ற எதை எதையெல்லாம் பிய்த்தெறிந்தது என்பதைப் பார்த்த எங்களுக்கு, ஆளுயரச் சட்டத்தில் நம்பிக்கை வருவதில்லை. உயரச் சட்டம் தேவைப்படும் இடங்களும் உண்டு. அங்கே இந்தியத் தரம் 875இன் மூன்றாம் பகுதிப்படி காற்றுவிசையைக் கணக்கிட்டு, பொறியாளர் கையெழுத்திட்ட தாளைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நிறுவனத்தார் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண சோலார், வெளியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஊழியருக்கு நம் வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மின்வெட்டில் அப்பாவின் அறைக்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும் என்றால், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரை இப்போதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதன் மேல்விலைக்கு மானியம் கிடையாது.

வயர்களையும் கவனியுங்கள். தகட்டிலிருந்து இறங்கும் நேர்மின்சார வயரில் தீப்பொறி எழுந்தால் எளிதில் அணையாது. மரக்கட்டையும் மூங்கிலும் உள்ள கூரைக்குள் அதைக் கொண்டுபோகாமல், கொல்லைச் சுவரின் வெளிப்பக்கமாகக் குழாயில் இறக்கி, இன்வெர்ட்டரைச் சமையலறைக்கு வெளியே நிழலான சுவரில் வையுங்கள். மின்னல் தாங்கிக்கும் தகட்டுச் சட்டத்துக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும்.


தாராசுரம் வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பின்கட்டுத் தளத்தை அளந்தோம். 14 அடிக்கு 18 அடி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையில் உள்ளது. ஆறு தகடுகள் அடங்கும் போலிருக்கிறது. அடிப்பக்கத்தில் பூச்சு உப்பவில்லை. தென்னை நிழல் மாலையில் மூன்றரை மணிக்கு மேல் ஒரு ஓரத்தில் மட்டும் விழுகிறது. முற்றத்தை மூட வேண்டாம் என்பதைத் தம்பியும் ஒப்புக்கொண்டான். மழைநீர் எங்கே போகும் என்று கேட்டதும் அவனே யோசித்துவிட்டான். நில அளவை வரைபடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

இதற்கு நடுவே இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. மின் இணைப்பு இன்னமும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. பத்திரத்தைப் படித்தபோது கட்டடம்தான் நம்முடையது, மனை கோயிலுக்குச் சொந்தமான அடிமனை என்று தெரிந்தது. அதற்கு ஆண்டுதோறும் வாடகை கட்டி வருகிறோம். இவை இரண்டும் தடையாகுமா?


பதில்: கொள்ளிடக்கரை

எங்கள் உறவினர் வீட்டில் இதே சிக்கல் வந்து தீர்ந்ததால் எழுதுகிறேன். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம்; 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். இந்தப் பணம் நிறுவனத்துக்குப் போகாமல், வேலை முடிந்து மீட்டர் மாற்றி ஆய்வு நடந்த பின் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வரும். அதனால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். தாத்தா பெயரில் விண்ணப்பித்து நடுவில் சிக்கிக்கொள்ளாமல், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்து முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அத்தைமார் வெளியூரில் இருந்தால் கையெழுத்து வாங்கவே நாளாகும், எனவே தொல்லியல் அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்திலேயே இதையும் செய்துகொள்ளலாம்.

அடிமனை என்பது தடையாகாது. ஆனால் மறைக்கவும் கூடாது. வாடகை பாக்கி இல்லாமல் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு, கட்டடத்தின் உயரமோ அளவோ மாறாமல் கூரையில் தகடு மட்டும் பொருத்தப் போகிறோம் என்று கோயில் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். தொல்லியல் விண்ணப்பத்தில் மனையின் உரிமை பற்றிக் கேட்கும்போதும் அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

கணக்கைப் பொறுத்தவரை, நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுச் சராசரியில் நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் அளவு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். உங்கள் ஏசி ஓடுவது இரவில், தகடு உழைப்பது பகலில். ஆகவே பகலில் மின்வாரியத்துக்குப் போகிற யூனிட்டை இரவில் எடுப்பதிலிருந்து கழிக்கும் இருவழி மீட்டர்தான் உங்களுக்கு முக்கியம். அந்த மீட்டர் வைக்கப்படும் வரை சோலாரை ஓடவிட வேண்டாம், பழைய மீட்டரில் வெளியே போகிற யூனிட்டுக்குக் கணக்கு இருக்காது.

நிறுவனம் திட்டத்தில் பதிவு பெற்றதா என்பதையும், தருகிற தகடு உள்நாட்டில் தயாரான சூரிய மின்கலங்களைக் கொண்டதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மானியம் வராது. பின்கட்டுத் தளத்தில் கைப்பிடிச் சுவருக்குக் கீழாகவே பொருத்த வேண்டும், கூடத்துத் தளத்தில் ஆள் நடமாடவோ சாமான் இறக்கிவைக்கவோ கூடாது என்பதையும் அதே தாளில் சேருங்கள். சாமான்களைத் தெருப்பக்கம் ஓட்டின் மேலாக ஏற்றாமல் கொல்லை வழியாகவே ஏற்றச் சொல்லுங்கள். தொல்லியல் அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.